ரோமர் எண்ணும் தமிழர் எண்ணும்

சுவர்க் கடிகாரம் தொங்கும் வீட்டில் வளரும் குழந்தை, மணி பார்க்கக் கற்கும் பருவத்தில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கும். "இதில் எண்ணே இல்லையே! எல்லாம் கோடும் குச்சியுமாக இருக்கின்றனவே, இதை எப்படிப் படிப்பது?" என்பதே அக்கேள்வி. "அது ரோமன் எண், பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள்" என்று கூறிப் பெரியவர்கள் தம் காரியத்தைப் பார்க்கச் சென்றுவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அது சில நாட்களுக்குரிய பாடம். குழந்தை நெட்டுருப் போட்டு ஒப்புவிக்கும். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும்.

மறப்பது இயல்பே. காரணம் தெரியாமல் கற்றது நெஞ்சில் நிற்பதில்லை. ஆயினும் இந்தப் பாடத்தைத் தமிழ்க் குழந்தைக்கு ஒரு நாழிகைப் பொழுதில் மறவாதபடி சொல்லித் தருவதற்கு நம்மிடமே ஒரு திறவுகோல் இருக்கிறது. நம் முன்னோர் ஓலையிலும் கல்லிலும் எழுதி வந்த தமிழ் இலக்கங்களே அத்திறவுகோல். ரோமர் எண்ணும் பழந்தமிழர் எண்ணும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை எளிதில் அறியலாம். அவ்வாறு கற்பிக்கும்போது குழந்தைக்கு அயலார் எண் வருவதோடு, கைநழுவிப் போய்க்கொண்டிருக்கும் நம் எண்ணும் திரும்பக் கிடைக்கும். அதைச் சற்று விரிவாக இங்கே காண்போம்.

ரோமாபுரி வந்து இறங்கிய துறை

புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தைக் கடந்தால் வருவது தவளக்குப்பம். அவ்வூர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ரோமரைப் பற்றி அறிய ரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், தோப்புகளுக்கு நடுவே, அரிக்கமேடு என்னும் மண்மேடு இருக்கிறது. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய கடற்பயண நூலில் கூறப்படும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ஜாந்தி, இப்பக்கத்தில் ஆற்றங்கரையில் தெரிந்த பழைய இடிபாடுகளைக் குறித்து வைத்தார். 1937-ஆம் ஆண்டில் பேராசிரியர் ழுவோ துப்ரேய் கைக்கு, இம்மேட்டில் கிடைத்த சிறு கல் ஒன்று வந்தது. அதில் ஒரு தலையுருவம் செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் முகம் என்று அவர் கருதினார். 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் இங்கே முறைப்படி அகழ்ந்து பார்த்தார். இத்தாலி நாட்டின் அரெஸ்ஸோ நகரத்துச் சூளையில் வனைந்த செந்நிறக் கலங்களின் ஓடுகள் வெளிவந்தன. திராட்சை மது வந்த இருகாதுச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. பின்னர் 1947 முதல் 1950 வரையில் காஸால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரையில் விமலா பெக்லி அம்மையாரின் குழுவினரும் இங்கே ஆராய்ந்தனர்.

அந்த இத்தாலியக் கலங்கள் சிலவற்றின் அடியில் குயவர் பெயர் லத்தீன் எழுத்தில் முத்திரையாக இருந்தது. அதே மேட்டில், தமிழ்-பிராமி எழுத்தில் பெயர் கீறிய மண்பாண்ட ஓடுகளும் இருந்தன. ரோமர் எழுத்தும் தமிழர் எழுத்தும் ஒரே மண்ணில் அடுத்தடுத்துக் கிடந்தன. யவனர் பொன் கொண்டு வந்து மிளகு கொண்டு போன செய்தியைச் சங்கப் புலவர்களும் பாடியிருக்கின்றனர்.

அந்தப் பொன்னிலும் வெள்ளியிலும் எண்கள் உண்டு. கோவை, கரூர் முதலிய வட்டாரங்களில் ரோம நாணயங்கள் குவியல் குவியலாக அகப்பட்டிருக்கின்றன. புதுக்கோட்டைச் சீமையில் 1898-ஆம் ஆண்டு கண்டெடுத்த புதையலில் மட்டும் 501 பொற்காசுகள் இருந்தன. சக்கரவர்த்தி எத்தனையாம் முறையாக இன்ன பதவியை ஏற்றான் என்ற விவரத்தை நாணயத்தில் பொறிப்பது ரோமர் வழக்கம். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்க்கு நாணயம் அடித்த ஆண்டே தெரிந்துவிடும். ஆகவே, ரோமர் எண் தமிழ்நாட்டுக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்த புதுச் சரக்கன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது நம் வணிகர் மடிச்சீலையில் புழங்கியது.

ஏழு எழுத்து

ரோமர் எண்ணுக்கு எழுத்துக்கள் ஏழே. இக்கட்டுரையில் அவற்றைத் தமிழ் ஒலியாலேயே குறிப்போம். வாசகர்கள் கையில் பென்ஸிலை எடுத்துக்கொண்டு, அவ்வப்பொழுது அவற்றை உரிய வடிவில் எழுதிப் பார்த்தால் பாடம் நன்கு பதியும்.

ஐ என்பது நிமிர்ந்த ஒரு கோடு; அது 1. வி என்பது அடியில் கூடி மேலே விரியும் இரண்டு கோடு, அது 5. எக்ஸ் என்பது குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடு, அது 10. எல் என்பது நின்ற கோட்டின் அடியில் வலப்புறமாக நீட்டிய காலடி, அது 50. சி என்பது வலப்புறம் வாய் திறந்த பிறை, அது 100. டி என்பது நாணேற்றிய வில், அது 500. எம் என்பது இரட்டைச் சிகரம், அது 1000.

ஒன்று முதல் மூன்று வரையில் விரல் நீட்டுவது போலக் கோடுகளை அடுக்குவர். ஐந்துக்கும் பத்துக்கும் உள்ள குறிகள் முதலில் எழுத்துக்களாகவே பிறக்கவில்லை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. ஆடு மாடு எண்ணுகிறவன் கோலில் வெட்டிக்கொண்ட அடையாளங்களே நாளடைவில் எழுத்து உருவம் பெற்றன என்பர். நம் நாட்டிலும் பால் கணக்குக்குச் சுவரில் கோடு கீறும் வழக்கம் இருந்தது. எழுத்தறியாதவன் கணக்கும் எழுத்தறிந்தவன் கணக்கும் பிறந்த இடம் ஒன்றே.

இனி நம் எண்ணைப் பார்ப்போம். ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்பவை ஒன்று முதல் ஒன்பது. இவற்றுக்கு அப்பால் பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனித்தனிக் குறிகள் உண்டு. ரோமரின் எக்ஸ், சி, எம் ஆகிய மூன்றும் இம்மூன்றுக்கும் நேர். பழைய முறையில் எழுதும்போது இரண்டிலும் பூஜ்யத்துக்கு வேலையே இல்லை. மேலும் ஓர் ஒற்றுமை: ரோமர் எழுத்தே அவர்கள் எண். நம் எண்ணும் க, உ, எ, அ முதலிய எழுத்துக்களின் சாயலையே உடையது. இது பெயரா, எண்ணா என்று இடம் நோக்கி அறிய வேண்டிய தொல்லை இருவருக்கும் பொது. அதனால் ரோமர் எண்ணின் தலைமேல் ஒரு கோடு இழுத்து வேறுபடுத்துவதும் உண்டு.

ஒரு சிறு எச்சரிக்கை. அவர்கள் 'ஐ' ஒன்று. நம் 'ஐ'யோ ஐந்து. குழந்தைகள் இதைச் சொல்லிச் சிரிக்கும். சிரித்தது மறக்காது.

முன்னும் பின்னும்

இலக்கணம் முழுவதும் ஒரே சூத்திரத்தில் அடங்கும். பெரிய குறிக்குப் பின்னே சிறிய குறி நின்றால் ரோமரும் கூட்டுவர், தமிழரும் கூட்டுவர். பெரிய குறிக்கு முன்னே சிறிய குறி நின்றால் ரோமர் கழிப்பர், தமிழர் பெருக்குவர். இவ்வளவே.

எக்ஸ்-ஐ என்றால் பத்தும் ஒன்றும், பதினொன்று. ஐ-எக்ஸ் என்றால் பத்தில் ஒன்று குறைய, ஒன்பது. எல்-எக்ஸ் அறுபது, எக்ஸ்-எல் நாற்பது. தமிழில் ௰௬ என்றால் பத்தும் ஆறும்; பதினாறு. ௬௰ என்றால் ஆறு பத்து, அறுபது. குறி அதுவே, நின்ற இடத்தால் பொருள் மாறுகிறது.

ரோமர் முறையில் இன்னும் சில கட்டுப்பாடுகளைப் பள்ளியில் சொல்லித் தருவார்கள். ஐ, எக்ஸ், சி, எம் ஆகியவற்றை மூன்று முறைக்கு மேல் அடுக்கலாகாது. வி, எல், டி ஆகியவற்றை இரட்டிக்கவே கூடாது. இரண்டு ஐந்து சேர்ந்தால் பத்துக்குத்தான் குறி இருக்கிறதே! கழிப்பதற்கும் வரம்பு உண்டு. ஐ என்பது வி, எக்ஸ் இவற்றின் முன்னே மட்டும் நிற்கும். எக்ஸ் என்பது எல், சி இவற்றின் முன்னே நிற்கும். சி என்பது டி, எம் இவற்றின் முன்னே நிற்கும். ஆகவே நாற்பத்தொன்பதைச் சுருக்கமாக ஐ-எல் என்று எழுதலாகாது. நாற்பதைத் தனியே எக்ஸ்-எல் என்றும், ஒன்பதைத் தனியே ஐ-எக்ஸ் என்றும் எழுதிச் சேர்க்க வேண்டும். வாயால் 'நாற்பத்து ஒன்பது' என்று பிரித்துச் சொல்லும் வரிசையிலேயே கையும் எழுதினால் பிழை வராது.

வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்த ஆண்டை எடுத்துக்கொள்வோம். 1945 என்பது ரோமர் எண்ணில் எம்-சி-எம்-எக்ஸ்-எல்-வி. தமிழ் எண்ணில் ௲௯௱௪௰௫. இரண்டிலும் ஆறு குறிகளே. ஆனால் 1888-ஐ எழுதிப் பாருங்கள். ரோமர் எண்ணில் எம், டி, மூன்று சி, எல், மூன்று எக்ஸ், வி, மூன்று ஐ, ஆகப் பதின்மூன்று குறிகள் அணிவகுத்து நிற்கும். தமிழில் ௲௮௱௮௰௮ என்று அதே ஆறு குறியில் முடிந்துவிடும். ரோமர் சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நாம் 'எத்தனை' என்பதை ஒரு குறியால் முன்னே வைத்துவிடுகிறோம். தமிழ் எண் பேச்சை அப்படியே பின்பற்றுகிறது.

தொண்ணூற்றுக்குள் ஒரு நூறு

கழித்து எண்ணும் முறை தமிழ்க் குழந்தைக்குப் புதிதாகத் தோன்றலாம். உண்மையில் அதுவும் நம் வாயிலேயே இருக்கிறது.

எண்பது, எழுபது, அறுபது என்பவை 'பது' என்று முடிகின்றன. எட்டுப் பத்து, ஏழு பத்து, ஆறு பத்து. அடுத்து வருவதோ தொண்ணூறு! ஒன்பது பத்துக்குள் நூறு எப்படி வந்து புகுந்தது? அவ்வாறே எண்ணூற்றுக்கு அடுத்தது தொள்ளாயிரம். அதற்குள் ஓர் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. இச்சொற்கள் புணர்ந்து வரும் வகைக்குத் தொல்காப்பியரே சூத்திரம் செய்திருக்கிறார். முன்னே நிற்கும் 'தொள்' என்பது குறைவைக் காட்டுவது என்று மொழியாராய்ச்சியாளர் பலர் கொள்வர். நிறைந்த நூறாகாமல் குறைந்து நிற்பது தொண்ணூறு. நிறைந்த ஆயிரமாகாமல் குறைந்து நிற்பது தொள்ளாயிரம்.

ரோமர் தொண்ணூற்றை எக்ஸ்-சி என்று எழுதினர். நூற்றில் பத்துக் குறைவு. தொள்ளாயிரத்தைச் சி-எம் என்று எழுதினர். ஆயிரத்தில் நூறு குறைவு. அவர்கள் கையில் இருந்த கணக்கு நம் நாவில் இருக்கிறது. லத்தீன் பேச்சிலும் பதினெட்டுக்கு 'இருபதில் இரண்டு குறைய' என்றும், பத்தொன்பதுக்கு 'இருபதில் ஒன்று குறைய' என்றும் பொருள்படும் சொற்களே வழங்கின.

ஆனால் ரோமர் இந்தக் கழித்தலைக் கட்டாயமாக்கவில்லை. கி. பி. 60-61-ஆம் ஆண்டில் நீரோ அடித்த நாணயங்களில் அவன் நான்காம் முறை கான்ஸல் பதவி வகித்ததைக் குறிக்கும்போது, ஐ என்னும் கோட்டை நான்கு முறை அடுக்கியே பொறித்திருக்கிறார்கள். ரோமாபுரியின் கொலோஸியம் என்னும் பெரு வட்டரங்கில் 44-ஆம் வாயிலின் எண் எக்ஸ்-எல்-ஐ-ஐ-ஐ-ஐ. நாற்பதுக்குக் கழித்தவர்கள் நான்குக்குக் கூட்டியிருக்கிறார்கள்! சுவர்க் கடிகாரங்கள் பலவற்றில் நான்கு மணிக்கு நான்கு கோடு இருப்பதும் இந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சியே. அதைக் கண்டு, "கடிகாரக்காரன் தப்பாக எழுதிவிட்டான்" என்று சொல்லும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இச்செய்தியைச் சொல்லலாம். 'மூன்று முறைக்கு மேல் கூடாது' என்பது பிற்காலத்தார் வகுத்த ஒழுங்கு.

புதுச்சேரிச் சரித்திரமே பாடப்புத்தகம்

பயிற்சி செய்யத் தவளக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு எண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் தம் அரசரை வரிசை எண்ணிட்டே அழைப்பர். அந்த எண்ணையும் நூற்றாண்டின் எண்ணையும் ரோமர் இலக்கத்திலேயே எழுதுவர். ஆகவே புதுச்சேரிச் சரித்திரத்தைச் சொல்லும் பிரெஞ்சு நூல் எதைத் திறந்தாலும் இந்த எண்கள் எதிர்ப்படும்.

பிரெஞ்சு இந்தியக் கம்பெனி 1664-இல் ஏற்பட்டது. அந்த ஆண்டை ரோமர் எண்ணில் எழுதினால் எம்-டி-சி-எல்-எக்ஸ்-ஐ-வி என்று வரும். ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன! ஏழையும் நினைவில் வைக்க இதைவிட எளிய வழி வேறு வேண்டுமா?

பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுச்சேரியில் குடியேறியபோது அவர்கள் அரசன் லூயி எக்ஸ்-ஐ-வி. அதாவது பதினான்காம் லூயி. டூப்ளே கவர்னராக இருந்து, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்து அரசன் லூயி எக்ஸ்-வி; பதினைந்தாம் லூயி. 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இருந்தவன் லூயி எக்ஸ்-வி-ஐ. யுத்தங்களெல்லாம் முடிந்து 1816-இல் ஊரைப் பிரெஞ்சுக்காரர் திரும்பப் பெற்றபோது ஆண்டவனோ லூயி எக்ஸ்-வி-ஐ-ஐ-ஐ, பதினெட்டாம் லூயி. பதினாறுக்குப் பின் பதினெட்டா, பதினேழு எங்கே என்று கூர்மையான பிள்ளை கேட்கும். புரட்சியில் கொல்லப்பட்ட அரசனின் மகனை அரச கட்சியார் பதினேழாம் லூயி என்றே எண்ணினர். சிங்காதனம் ஏறாமலே அச்சிறுவன் 1795-இல் சிறையில் மாண்டான். அவனுக்குக் கிடைத்த முடி இந்த எண் ஒன்றுதான்.

இனி நம்மவர் ஆண்டுகள். புதுச்சேரி இந்தியாவுடன் நடைமுறையில் இணைந்தது 1954, எம்-சி-எம்-எல்-ஐ-வி. சட்டப்படி இணைந்தது 1962, எம்-சி-எம்-எல்-எக்ஸ்-ஐ-ஐ. தமிழில் ௲௯௱௫௰௪ என்றும், ௲௯௱௬௰௨ என்றும் பக்கத்திலேயே எழுதிப் பழகலாம்.

கூழாங்கல்லும் சோழியும்

இவ்வளவு நீண்ட எண்ணை வைத்துக்கொண்டு ரோமர் எப்படிக் கணக்குப் போட்டனர் என்று வாசகர்கள் வியக்கலாம். எக்ஸ்-எக்ஸ்-ஐ-ஐ-ஐ என்பதை எக்ஸ்-ஐ-வி என்பதால் காகிதத்தில் பெருக்க முயன்றால் தலை சுற்றும். விடை சி-சி-சி-எக்ஸ்-எக்ஸ்-ஐ-ஐ. இருபத்து மூன்றைப் பதினான்கால் பெருக்கினால் முந்நூற்று இருபத்திரண்டு.

ரோமர் அப்படிப் பெருக்கவில்லை. அவர்களிடம் கணிப்பலகை இருந்தது. ஒன்று, பத்து, நூறு என்று வரிசை வகுத்து, அவற்றில் சிறு கூழாங்கற்களை நகர்த்திக் கணக்கிட்டனர். கணக்கிடுதலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லே கூழாங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். வந்த விடையை எழுதி வைக்க மட்டுமே எழுத்தெண்கள் பயன்பட்டன.

நம் நாட்டு நிலையும் அதுவே. 1825-ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டச் செய்தார். அக்கணிதர் காகிதத்தைத் தொடவில்லை. தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும், நெட்டுருப் பண்ணியிருந்த வாக்கியங்களிலிருந்து அட்டவணை எண்களை நினைவுக்குக் கொண்டுவந்தும் கிரகண காலத்தைச் சொல்லிவிட்டார். வாரன் தம் 'கால ஸங்கலித' நூலில் இதைப் பதிந்து வைத்தார். முன்னே சொன்ன லெ ஜாந்தியும் 1769-இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தவரே. அன்று மேகம் மறைத்துவிட்டது. ஆனால் தமிழர் கணித முறையைக் கற்று எழுதிக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். ரோமாபுரியின் கூழாங்கல்லும் புதுச்சேரியின் சோழியும் ஒரே வேலையைச் செய்தன.

பின்னத்தில் இரு நாட்டாரும் தத்தம் வழியில் சென்றனர். ரோமர் ஒன்றைப் பன்னிரண்டாகப் பங்கிட்டு, பங்குக்கு ஒரு புள்ளி வைத்தனர். பாதிக்கு எஸ் என்னும் எழுத்து. அவர்களுடைய செஸ்தெர்ஸ் என்னும் காசின் பெயருக்கே இரண்டரை என்று பொருள். இரண்டு கோடும் ஓர் எஸ்ஸும் அதன் குறி. பத்து ஆஸ் பெறுமான தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசில் முதலில் எக்ஸ் என்றே பொறித்தனர். நம்மவரோ அரை, கால் என்பவற்றோடு நில்லாமல் இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி என்று நுணுகிச் சென்றனர். திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியில் இவற்றைப் பாடம் செய்தனர்.

பெருந்தொகையில் மட்டும் வியப்பான ஓர் ஒற்றுமை. ரோமர் பெரும் பணத்தை இலட்சக் கணக்கில் சொல்வர். ஐந்நூறு தடவை என்று சொன்னால் ஐந்நூறு இலட்சம் என்று பொருள்; இலட்சம் என்பது சொல்லாமலே விளங்கும். எண்ணின் மேலும் இரு பக்கமும் கோடிட்டால் அது இலட்சத்தால் பெருகும். இந்தியா தங்கள் சாம்ராஜ்யத்திலிருந்து ஆண்டுதோறும் இழுத்துக்கொள்ளும் பணம் என்று பிளினி வருந்தி எழுதிய தொகை இப்படிச் சொன்ன ஐந்நூறு இலட்சம். நம் கணக்கில் ஐந்து கோடி செஸ்தெர்ஸ்.

இரண்டையும் வென்றது எது?

ரோமர் எண்ணையும் பழந்தமிழ் எண்ணையும் அன்றாடக் கணக்கிலிருந்து விலக்கியது ஒரே சக்தி. ஒன்பது குறிகளும் ஒரு பூஜ்யமும் கொண்டு, நின்ற தானத்தால் மதிப்பு மாறும் முறையே அது. அம்முறை இந்தியாவில் பிறந்தது. கி. பி. 662-இல் ஸிரியா நாட்டுப் பாதிரியார் ஸெவெரஸ் ஸெபோக்த் இந்தியரின் ஒன்பது குறிகளைப் புகழ்ந்து எழுதினார். குவாலியர்க் கோயில் சாசனம் ஒன்றில், 876-ஆம் ஆண்டிலேயே 270 என்றும் 50 என்றும் பூஜ்யத்தோடு எழுதியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் அல்-குவாரிஸ்மி இம்முறையை விளக்கி நூல் செய்தார். பைஸா நகரத்து லியோனார்டோ 1202-இல் எழுதிய நூல் வழியே இது இத்தாலி வணிகரிடையே பரவியது.

ரோமர் எண் உடனே தோற்று ஓடவில்லை. 1299-இல் பிளாரன்ஸ் நகரத்துக் காசுக்கடைச் சங்கத்தார் கணக்குப் புத்தகத்தில் இப்புது எண்களை எழுதலாகாது என்று தடுத்தனர். பூஜ்யத்தை ஆறாகவோ ஒன்பதாகவோ எளிதில் திருத்திவிடலாம் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. முடிவில் வென்றது இந்திய எண்ணே. பத்தே குறிகளால் எல்லா எண்ணையும் எழுதும் உபாயத்தை உலகுக்குத் தந்தது இந்தியா என்று பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை லாப்பிளாஸ் மனமாரப் பாராட்டினார்.

இங்கே நாம் கர்வம் கொள்வதோடு சற்றுச் சிந்திக்கவும் வேண்டும். தோற்ற எண்ணை ஐரோப்பியர் எறிந்துவிடவில்லை. கடிகாரத்திலும் கட்டடத்திலும், அரசர் பெயரிலும் புத்தக முன்னுரையிலும் அதற்கு மரியாதையான ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால் அவர்கள் குழந்தை பழைய கல்வெட்டின் எதிரே நின்றால் ஆண்டைப் படித்துவிடுகிறது. நாமோ அதே எண்ணை நம் குழந்தைக்குக் கற்பிக்கிறோம். ௰, ௱, ௲ என்பவற்றைக் காட்டினால் அது விழிக்கிறது. பரணில் கிடக்கும் பாட்டனார் ஜாதகத்திலும், நிலத்தின் பழைய ஓலைச் சாசனத்திலும், கோயில் கல்வெட்டிலும் இருப்பவை இவைதாமே! தம் குடும்பத்து நிலம் எத்தனை மா, எத்தனை காணி என்று எழுதியதைப் படிக்க இயலாமல் பிறரை நாடி நிற்பது பெருமையாகுமா?

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்திலும் பகுதிகளுக்கு ரோமர் எண்ணே இட்டிருக்கிறார்கள். குடிமகனின் அடிப்படை உரிமைகள் ஐ-ஐ-ஐ என்னும் பகுதி. புதுச்சேரி போன்ற யூனியன் பிரதேசங்களின் ஆட்சிமுறை வி-ஐ-ஐ-ஐ என்னும் பகுதி. அதற்கு முன்னுள்ள ஏழாம் பகுதி 1956-இல் நீக்கப்பட்டது. பதினேழாம் லூயியைப் போல அதுவும் வரிசையில் ஓர் எண்ணாக மட்டும் நிற்கிறது. தவளக்குப்பத்துப் பிள்ளை பெரியவனாகித் தன் உரிமையையும் தன் பிரதேசத்தின் சட்டத்தையும் தேடிப் புரட்டும் நாளில் இந்த எண் வழிகாட்டும்.

அதே சட்டத்தில் எக்ஸ்-வி-ஐ-ஐ என்னும் பகுதியைத் திறந்தால் 343-ஆம் ஷரத்து இருக்கிறது. யூனியன் அரசாங்கக் காரியங்களில் வழங்க வேண்டியது 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்று அது விதிக்கிறது. 1, 2, 3 என்று உலகெங்கும் எழுதுபவை இந்திய எண்களே என்று இந்தியக் குடியரசு தன் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டது. அந்த வாசகத்தின் தலைமேல் காவல் நிற்பது ரோமர் எண்!

ஆகவே, இன்று மாலை குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாளில் மூன்று பத்தி கீறுங்கள். முதற்பத்தியில் 1 முதல் 100 வரையில் எழுதட்டும். இரண்டாம் பத்தியில் ரோமர் எண். மூன்றாம் பத்தியில் தமிழ் எண். பிறகு அது பிறந்த ஆண்டை மூன்று விதத்திலும் எழுதச் சொல்லுங்கள். தொண்ணூறு வரும்போது மட்டும் சற்று நிறுத்தி, அதற்குள் இருக்கும் நூற்றைக் காட்டுங்கள். சுவர்க் கடிகாரமும் பரணிலுள்ள ஓலையும் அதன்பின் ஒருசேர வாய் திறந்து பேசும்.